அசைன்மென்ட் கேள்வியை ஒன்லைனில் போட்டேன், மைனஸ்தான் கிடைத்தது

கேள்வி: அண்ணா, நான் பம்பைமடுவில் உள்ள வவுனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், கணிதமும் கணினியும் படிக்கிறேன். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எனக்கு நல்லாக வந்தது, ஆனால் இங்கே மெய்ப் பகுப்பாய்வு தலையும் விளங்கவில்லை வாலும் விளங்கவில்லை. சி மொழியில் லிங்க்ட் லிஸ்ட் (ஒன்றோடொன்று தொடுத்த தரவுப் பட்டியல்) நிரலும் ஓடும்போதே நின்றுவிடுகிறது. கணக்கை போனில் படம் எடுத்து ‘பிளீஸ் சோல்வ், அர்ஜென்ட்’ என்று மத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கணிதக் கேள்வி-பதில் தளத்தில் போட்டேன். மைனஸ் வாக்கு நாலு போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் பட்ச்சில் சிலர் வட்ஸ்அப்பில் ஒருவருக்குக் காசு அனுப்பி அசைன்மென்ட் செய்விக்கிறார்கள். மற்றவர்கள் சட்ஜிபிடியில் போட்டு அப்படியே எழுதுகிறார்கள். நான் எதைச் செய்வது? வீட்டில் லப்டொப்பும் இல்லை, போன்தான். போனிலே சி நிரல் ஓட்ட முடியுமா என்றும் சொல்லுங்கள். கணக்கின் படத்தையும் நிரலையும் இதோடு அனுப்புகிறேன். லிஸ்ட்டின் முதலாவது நோட்டை (கண்ணியை) அழித்தால்தான் பிழை வருகிறது, நடுவில் உள்ளதை அழித்தால் வரவில்லை, ஏன்? ஆங்கிலம் பிழைத்துவிடும் என்று ஒன்லைனில் எழுதவும் பயம், விரிவுரையாளருக்கும் இன்னும் மெயில் போடவில்லை.

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த வட்ஸ்அப் ஆளின் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. நான் இப்போது மென்பொருள் வேலை செய்கிறேன், அதற்கு முதல் கிளிநொச்சியில் டெமோன்ஸ்ட்ரேட்டராக இருந்து இப்படியான அசைன்மென்ட்டுகளைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். திருத்துகிற ஆளுக்கு ஒரே பிழை ஐந்து தாளில் ஒரே வரியில் வந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. காசு வாங்கிச் செய்கிறவர் உங்கள் பட்ச்சில் பத்துப் பேருக்கும் ஒரே விடையைத்தான் கொஞ்சம் மாற்றி அனுப்புவார், அவருக்கு நேரம்தானே காசு.

நிரலில் இன்னும் மோசம். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1994இல் செய்த மொஸ் என்ற ஒரு கருவி இருக்கிறது, விரிவுரையாளர்களுக்கு இலவசம். அது மாறிகளின் பெயரையோ இடைவெளியையோ கொமெண்டையோ பார்ப்பதில்லை, நிரல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒப்பிடுகிறது. ‘டெம்ப்’ என்றிருந்ததை ‘குமார்’ என்று மாற்றி, இரண்டு ஃபங்ஷனை மேலும் கீழும் மாற்றி வைத்துவிட்டு தப்பினோம் என்று நினைக்கிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆளிடம் உங்கள் பெயர் இருக்கிறது, சுட்டிலக்கம் இருக்கிறது, காசு போட்ட ரசீது இருக்கிறது. பிறகு ஒருநாள் ‘இன்னும் கொஞ்சம் அனுப்பு, இல்லாவிட்டால் கம்பஸுக்குச் சொல்லுவேன்’ என்று மிரட்டினால் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவது? வெளிநாடுகளில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவுஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இப்படி விற்பதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டன.

வீட்டுவேலைக் கணக்குகளுக்கு விடை விற்கிற செக் என்ற அமெரிக்கக் கம்பனியைப் பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மாதச் சந்தா டொலரில் கட்டவேண்டும், மகாபொலப் புலமைப்பரிசில் காசில் அதற்கு இடமில்லை. அதில் போட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் பொய். பல்கலைக்கழகங்கள் முறையாக விசாரணை நடத்திக் கேட்டபோது கேள்வி போட்டது யார், விடை பார்த்தது யார் என்ற விபரத்தை அந்தக் கம்பனி முன்பு கொடுத்திருக்கிறது. 2023 மே மாதம் சட்ஜிபிடியால் தங்கள் வியாபாரம் பாதிக்கப்படுகிறது என்று அவர்களே சொன்னபோது அவர்களுடைய பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. விடையை மட்டும் விற்பதில் எவ்வளவு பெறுமதி இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

சரி, உங்கள் மைனஸ் நாலுக்கு வருவோம். அதில் மனம் நொந்துபோக ஒன்றுமில்லை, அது உங்களுக்குப் போட்ட மைனஸ் இல்லை, படத்துக்கும் ‘அர்ஜென்ட்’டுக்கும் போட்டது. அங்கே விடை எழுதுகிறவர்களுக்கு ஒரு சதமும் கிடையாது. ஓய்வுபெற்ற பேராசிரியர், பிஎச்டி செய்கிற பெடியன், எங்கேயோ ஒரு வங்கியில் வேலை செய்துகொண்டு கணிதத்தை விட முடியாமல் இருக்கிற ஆள், இப்படியானவர்கள். கேள்வியை ஐந்து செக்கன் பார்ப்பார்கள். வயலில் தண்ணி இறைக்கிற மிசின் நின்றுவிட்டது என்று மெக்கானிக்குக் கோல் எடுத்து ‘மிசின் வேலை செய்யேல்லை, கெதியா வாங்கோ’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன கேட்பார்? எண்ணெய் பார்த்தியா, ஸ்டார்ட் ஆகி நின்றதா, ஸ்டார்ட்டே ஆகவில்லையா, என்ன சத்தம் வந்தது. அதே கேள்விகளைத்தான் அந்த நாலு மைனஸ்காரரும் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், வாயால் கேட்காமல்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எக்ஸ் வர்க்கம் என்ற சார்பு மெய்யெண்கள் முழுவதிலும் சீரான தொடர்ச்சி உடையதல்ல என்று நிறுவ வேண்டும், பூச்சியத்திலிருந்து ஒன்று வரையான மூடிய ஆயிடையில் சீரான தொடர்ச்சி உடையது என்று நிறுவ வேண்டும். சார்பின் பெறுமானங்கள் எப்சிலன் என்ற தூரத்துக்குள் நிற்க எண்கள் எவ்வளவு கிட்ட இருக்கவேண்டும் என்கிற அளவுதான் டெல்டா, எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதுமென்றால் அது சீரான தொடர்ச்சி. உலகத்தில் பகுப்பாய்வு படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் வருகிற கணக்கு, ஆகவே தேடினால் அதே இடத்தில் விடை ஏற்கெனவே இருக்கும். முதலில் தேடாமல் போட்டதற்கும் ஒரு மைனஸ் விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே இப்படி எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள்:

‘இந்தச் சார்பு இரண்டு என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்று நான் நிறுவிவிட்டேன். அதற்கு டெல்டாவை, ஒன்று, எப்சிலனின் ஐந்தில் ஒன்று ஆகிய இரண்டில் சிறியதாக எடுத்தேன். இதையே வேறு புள்ளிகளில் செய்தால் டெல்டா புள்ளியோடு சேர்ந்து மாறுகிறது, புள்ளி பெரிதாகப் பெரிதாக டெல்டா சின்னதாகிறது. என்னுடைய சந்தேகம் இதுதான்: எனக்குக் கிடைத்த டெல்டா மாறுகிறது என்பதே சீரான தொடர்ச்சி இல்லை என்பதற்கு நிறுவலாகுமா? வேறு யாராவது கெட்டித்தனமாக எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு டெல்டாவைக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் எப்படிக் காட்டுவது?’

இந்தக் கேள்விக்கு அரைமணித்தியாலத்தில் இரண்டு பேர் விடை எழுதுவார்கள், எழுதுவதற்கு ஆசைப்படுவார்கள், ஏனென்றால் இதில் ஒரு நல்ல சந்தேகம் இருக்கிறது. விடையையும் சொல்லிவிடுகிறேன். நிறுவல் ஆகாது. வர்க்கமூலச் சார்பைப் பூச்சியத்திலிருந்து மேலே எடுத்துப் பாருங்கள். வழக்கமான முறையில் செய்தால், எப்சிலனை அந்தப் புள்ளியின் வர்க்கமூலத்தால் பெருக்கி டெல்டாவாக எடுப்பீர்கள், புள்ளி பூச்சியத்தை நெருங்க அதுவும் சுருங்கிப் பூச்சியத்துக்குப் போகும். ஆனால் அந்தச் சார்பு சீரான தொடர்ச்சி உடையதுதான், எப்சிலன் வர்க்கம் என்ற ஒரே டெல்டா எல்லா இடத்துக்கும் போதும். முறை மோசமாக இருந்தபடியால் டெல்டா சுருங்கியது, சார்பில் குற்றமில்லை. ஆகவே ‘எந்த டெல்டாவும் சரிவராது’ என்று காட்ட வேறு வழி வேண்டும்: டெல்டாவை எதிராளி எவ்வளவு சின்னதாகத் தந்தாலும், அதைவிடக் கிட்டவாக இருக்கிற இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் வர்க்கங்கள் தூரத்தில் இருக்கின்றன என்று காட்ட வேண்டும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 100, 100.01. இரண்டுக்கும் இடைவெளி 0.01தான், வர்க்கங்களின் வித்தியாசமோ 2.0001. இனி 1000, 1000.001. இடைவெளி இன்னும் சின்னது, ஆனால் வர்க்கங்களின் வித்தியாசம் 2.000001. இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும், எண்ணைப் பெரிதாக்கினால் வித்தியாசம் இரண்டுக்குக் கீழே இறங்காது. எப்சிலனை ஒன்று என்று எடுத்தால் கதை முடிந்தது. இதைப் பொதுவான எழுத்தில் எழுதினால் அதுதான் நிறுவல், அதை நீங்களே எழுதுங்கள். பூச்சியத்திலிருந்து ஒன்று வரை ஏன் சிக்கல் இல்லை என்றால், அங்கே எந்த இரண்டு எண்ணைக் கூட்டினாலும் இரண்டைத் தாண்டாது, ஆகவே வர்க்கங்களின் வித்தியாசம் எண்களின் வித்தியாசத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாது. டெல்டா என்ன என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

நான் மேலே எழுதிக் காட்டிய மாதிரி ஒரு கேள்வியை எழுதுவதற்கு நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்து யோசிக்க வேண்டியிருக்கும், என்ன தெரியும், எந்த வரியில் நின்றேன், அந்த வரியில் எது உறுத்துகிறது என்று. அந்த ஒரு மணித்தியாலத்தில் பாதிக் கேள்விகள் அனுப்பாமலே முடிந்துவிடும், எழுதிக்கொண்டு போகும்போதே விடை தெரிந்துவிடும். இணையத்தில் கிடைக்கிற உதவியில் பெரிய பங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ரியூசனில் நாங்கள் பழகினது கடந்தகால வினாத்தாளை எடுத்து, சேர் செய்து காட்டுவதைப் பார்த்து எழுதுவது, அது உயர்தரத்துக்குக் காணும். பல்கலைக்கழகக் கணிதத்தில் ‘எங்கே விளங்கவில்லை’ என்று சொல்லத் தெரியாவிட்டால் யார் வந்தும் ஒன்றும் செய்ய ஏலாது.

படம் போடாதீர்கள். படத்தில் இருக்கிற கணக்கைத் தேடலில் பிடிக்க முடியாது, கண் தெரியாத வாசகரின் கருவியால் வாசிக்கவும் முடியாது. சமன்பாட்டை லேடெக் முறையில் அடிக்க வேண்டும், இரண்டு டொலர் குறிக்கு நடுவில் எழுதினால் அந்தத் தளமே அழகாக்கிக் காட்டும். அடுக்கு, பின்னம், வர்க்கமூலம், சமனிலிக் குறி, கிரேக்க எழுத்து, இந்த ஐந்தையும் அடிக்கப் பழகினால் இரண்டாம் வருடம் ஓடிவிடும். பழகுவதற்கு ஒரு பின்னேரம் போதும், போனில் அடிப்பது கரைச்சல்தான் என்றாலும். ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லை வாழ்க்கையில் திரும்ப எழுதாதீர்கள், உங்கள் டெட்லைன் அவர்களுக்கு டெட்லைன் இல்லை.

இனி உங்கள் லிங்க்ட் லிஸ்ட். முழு நிரலையும், மெனு, கலர், பெயர் கேட்கிற பகுதி எல்லாவற்றோடும் அனுப்பியிருக்கிறீர்கள். நிரல் கேள்விகளுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இதைப் போட்டால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். பிழை வருகிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள்: மூன்று நோட் உள்ள ஒரு லிஸ்ட், முதலாவது நோட்டை அழிக்கிற ஃபங்ஷன், மெயின். அவ்வளவும் முப்பது வரிக்குள் வந்துவிடும். அதோடு எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, கொம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிற மென்பொருள்) சொன்ன எச்சரிக்கை என்ன என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். வெட்டிக்கொண்டு போகும்போதே எந்தத் துண்டை எடுத்தால் பிழை மறைகிறது என்று தெரிந்துவிடும், அந்தத் துண்டுக்குள்தான் வியாதி.

உங்களுடையதில் வியாதி இது: முதலாவது நோட்டை அழிக்கிற ஃபங்ஷனுக்கு ‘ஹெட்’ பொயின்டரை, அதாவது முதலாவது நோட்டின் முகவரியை வைத்திருக்கிற மாறியை, கொடுக்கிறீர்கள், சி மொழியில் அது பிரதியாகத்தான் உள்ளே போகும். உள்ளே நீங்கள் பழைய நோட்டை விடுவித்து, பிரதியை அடுத்த நோட்டுக்கு நகர்த்துகிறீர்கள். மெயினில் இருக்கிற உண்மையான ஹெட், விடுவித்த இடத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து லிஸ்ட்டைப் பிரின்ட் பண்ணப் போகும்போது அந்த இடத்தைத் தொட்டு நிரல் விழுகிறது, சிலநேரம் விழாமல் ஓடியும் போகும், அதுதான் இன்னும் மோசம். ஒன்றில் புதிய ஹெட்டை ஃபங்ஷனிலிருந்து திருப்பி அனுப்பி மெயினில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஹெட்டின் முகவரியைக் கொடுத்து, பொயின்டருக்குப் பொயின்டராக வாங்குங்கள். நடுவில் உள்ள நோட்டை அழிக்கும்போது ஏன் பிழை வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு நீங்களே விடை சொல்லலாம் இப்போது.

இதை என்னிடம் கேட்காமலே பிடித்திருக்கலாம். ஜிசிசி என்ற கொம்பைலரில் எச்சரிக்கைகளை எல்லாம் காட்டு என்ற தெரிவைப் போட்டுத்தான் எப்போதும் கொம்பைல் பண்ண வேண்டும். அட்ரஸ் சனிடைசர் என்று இன்னொரு தெரிவு உண்டு, அதைப் போட்டு ஓட்டினால் விடுவித்த நினைவகத்தை எத்தனையாம் வரியில் திரும்பத் தொட்டீர்கள், அதை எத்தனையாம் வரியில் விடுவித்தீர்கள் என்று இரண்டையும் சொல்லிவிடும். பைதன் டியூட்டர் என்ற தளத்தில் சி நிரலையும் போடலாம், வரிவரியாக ஓடவிட்டு எந்தப் பொயின்டர் எங்கே காட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். லிங்க்ட் லிஸ்ட் படிக்கிற எல்லாப் பிள்ளையும் அதை ஒருதரமாவது பார்க்க வேண்டும். மரம், குவியல், வரிசைப்படுத்தல் எல்லாம் அசைந்து அசைந்து நடப்பதைப் பார்க்க விசுஅல்கோ இருக்கிறது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்தது.

சட்ஜிபிடி பற்றி. அது 2022 நவம்பர் 30இல் வந்தது, வந்து சில நாட்களில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதில் எடுத்த விடைகளைப் போடக்கூடாது என்று தடை போட்டது, பார்வைக்குச் சரிபோல இருக்கிற பிழையான விடைகள் குவிந்ததால். இப்போதைய பதிப்புகள் அன்றைய அளவுக்கு மோசமில்லை, உங்களுடைய இந்த எக்ஸ் வர்க்கக் கணக்கைச் சரியாகவே செய்யும், ஏனென்றால் அது ஆயிரம் புத்தகத்தில் இருக்கிறது. சிக்கல் எங்கே வருமென்றால், உங்கள் விரிவுரையாளர் கணக்கைக் கொஞ்சம் மாற்றித் தரும்போது. அப்போது நடுவில் ஒரு வரி, ‘ஆகவே தெளிவாக’ என்று வரும், அந்த ஆகவேக்கு அடியில் ஒன்றும் இருக்காது, வடிவான ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களுக்குப் பிடிபடாது. ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். ‘திறந்த ஆயிடையில் தொடர்ச்சியான சார்பு எல்லாம் வரம்புள்ளது என்று நிறுவு’ என்று கேளுங்கள். அது பொய்யான கூற்று, பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒன்றை எக்ஸால் வகுத்த சார்பு ஒன்றே அதை உடைக்கும். மறுத்துச் சொன்னால் நல்லது. வடிவாக நிறுவித் தந்தால் உங்களுக்கு ஒரு விடயம் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விடையைக் கேட்காதீர்கள். உங்கள் நிறுவலை முழுக்க அடித்துப் போட்டு, ‘திருத்தித் தராதே, எந்த வரி முந்திய வரியிலிருந்து வரவில்லை என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். வரைவிலக்கணம் ஒன்று விளங்கவில்லை என்றால், அதற்குப் பொருந்துகிற மூன்று உதாரணமும் பொருந்தாத மூன்று உதாரணமும் கேட்டு, ஆறையும் கையால் சரிபாருங்கள். தமிழிலும் கேட்கலாம், ஓரளவுக்கு விளக்கும், கலைச்சொற்கள் நாங்கள் உயர்தரத்தில் படித்த சொற்களாக இருக்காது, அதனால் முக்கியமான சொல்லை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பரீட்சையும் ஆங்கிலத்தில்தானே.

கணிப்புக்கு அதை நம்பாதீர்கள். தொகையிடல், தாயத்தின் நேர்மாறு, வகையீட்டுச் சமன்பாடு இவற்றின் இறுதி விடையைச் சரிபார்க்க வுல்ஃப்ரம் ஆல்ஃபா போதும், 2009இலிருந்து இருக்கிறது. படிமுறை முழுக்கப் பார்க்கத்தான் காசு கேட்கும். காசில்லாமல் இன்னும் வேண்டுமென்றால் சேஜ்மத், அதன் சிறிய வடிவம் பிரவுசரிலேயே ஓடும். வரைபுக்கு டெஸ்மொஸ் அல்லது ஜியோஜெப்ரா.

எங்கே கேட்பது என்பதையும் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். கணிதத்துக்கு மத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். மத் ஓவர்ஃப்ளோ என்று பெயர் கிட்டவாக இன்னொன்று இருக்கிறது, அது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு, அங்கே போடாதீர்கள். பிசிக்ஸ் ஃபோரம்ஸ் என்ற தளத்தில் வீட்டுவேலைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, முயற்சி செய்ததைக் காட்டினால்தான் பதில் வரும், முழு விடை எழுதித் தர அங்கே தடை. கேள்வி கேள்வியாகக் கேட்டு உங்களையே செய்ய வைப்பார்கள், பொறுமை இருந்தால் அதுதான் எனக்குத் தெரிந்ததில் நல்ல இடம். ரெடிட்டில் லேர்ன்மத் என்ற பகுதி கொஞ்சம் அன்பானது, முதற்தரம் கேட்கிறவர்களுக்கு ஏற்றது. நிரலுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஆனால் உங்கள் மட்டத்துக் கேள்விக்கு அங்கே 2008இலிருந்து விடை குவிந்து கிடக்கிறது, தேடினால் போதும். இரவு எட்டு ஒன்பது மணிக்குப் போட்டால் அமெரிக்காவில் காலை, ஐரோப்பாவில் பின்னேரம், ஆட்கள் இருப்பார்கள்.

படிப்பதற்கென்றால், ஏகபரிமாண அட்சரகணிதத்துக்கு எம்ஐடியின் இலவசப் பாடத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகள், நுண்கணிதத்துக்கு போல் டோக்கின்ஸ் என்ற விரிவுரையாளரின் ஒன்லைன் குறிப்புகள். இரண்டாவதை நான் கூடுதலாகச் சொல்வேன், அது எழுத்து, வீடியோ இல்லை, டேட்டா தின்னாது. ஒட்டுசுட்டானில் சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் வராத இடத்தில் இருந்துகொண்டு யூரியூப் பார்க்கிறது காசுக்கும் கேடு பொறுமைக்கும் கேடு. வீடியோக்களைக் கம்பஸ் வைஃபையில் வெள்ளிக்கிழமையே இறக்கி வைத்துக்கொண்டு, மாங்குளத்தில் பஸ் மாறிப் போகிற நேரத்தில் பாருங்கள்.

ஆங்கிலம் பிழைத்துவிடும் என்று எழுதப் பயப்படுவதாகவும் சொன்னீர்கள். அங்கே கேட்கிறவர்களில் பெரும்பகுதி பிரேசில், துருக்கி, வியட்நாம், இந்தியா என்று எங்களைப்போல இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்கள்தான். இலக்கணப் பிழையை யாராவது வந்து திருத்திவிட்டுப் போவார்கள், அதற்கு மைனஸ் விழாது. வாக்கியத்தைச் சின்னதாக எழுதுங்கள், மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள், குறியீடு சரியாக இருந்தால் மிச்சம் பிரச்சினை இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழை. உங்களுக்கு மிகக் கிட்டவான உதவி உங்கள் விரிவுரையாளர்தான், அவருக்குத்தான் நீங்கள் ஒரு மெயிலும் போடவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய மதில், சேரிடம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார் என்று. சிலர் நினைப்பார்கள்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ‘எல்லாம் விளங்கவில்லை’ என்று வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் சலிப்பு வரும், ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீர்கள்’ என்று தாளைக் கொண்டு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பியவரை நான் கண்டதில்லை. மேலே எழுதிய சீரான தொடர்ச்சிக் கேள்வியை அப்படியே அவருக்கும் அனுப்பலாம். அதோடு உங்கள் இடம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது, அதே பம்பைமடுவில் அதே பாடத்தைப் படித்த ஆட்கள் இப்போது கொழும்பிலும் கனடாவிலும் வேலை செய்கிறார்கள், லிங்க்டின்னில் தேடினால் வருவார்கள். ‘அக்கா, நானும் உங்கள் கம்பஸ்தான்’ என்று தொடங்கி ஒரு குறிப்பான கேள்வி கேட்டால் பதில் போடாமல் விடுகிறவர்கள் குறைவு. பட்ச்சில் காசு கொடுக்காமல் தாங்களாகவே செய்கிற இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள், எப்படியும் இருப்பார்கள், சத்தம் போடாமல் இருப்பார்கள்.

எவ்வளவு உதவி எடுக்கலாம், எது களவு என்று கேட்டால், அசைன்மென்ட் தருகிற ஆளின் விதிதான் விதி. ஒருவர் சேர்ந்து செய்ய விடுவார், இன்னொருவர் தனியாகத்தான் என்பார். தெரியாவிட்டால் முதலே கேளுங்கள். அதற்கு மேல் நான் வைத்திருக்கிற அளவுகோல், இணையத்தில் விளங்கிக்கொண்டதை மூடி வைத்துவிட்டு அடுத்தநாள் வெறும் தாளில் எழுத முடிந்தால் அது உங்களுடையது. எழுதும்போது, இன்ன இடத்தில் கிடைத்த குறிப்பின் உதவியோடு என்று அடியில் ஒரு வரி போடுங்கள். அப்படிப் போட்ட பிள்ளைக்கு நான் புள்ளி வெட்டினதில்லை.

மூடப்பட்ட அந்தக் கேள்வியை அழிக்காதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாகவும் போடாதீர்கள். மைனஸ் விழுந்து அழித்த கேள்விகளும் கணக்கில் சேரும், கூடினால் அந்தத் தளம் உங்களைக் கேள்வி கேட்கவிடாமல் தடுத்துவிடும். அதே கேள்வியில் திருத்து என்பதை அமுக்கி, படத்தை எடுத்துவிட்டு உங்கள் முயற்சியை எழுதுங்கள், திருத்திய கேள்வியைத் திரும்பத் திறக்கச் சொல்லி அங்கேயே கேட்கலாம், மைனஸ் போட்டவர்களில் சிலர் அதை எடுத்தும் விடுவார்கள்.

போனில் சி ஓட்டலாம். ஆண்ட்ரொய்டில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு, அதற்குள் கிளாங் என்ற கொம்பைலரை இறக்கினால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், இறக்குகிறதை மட்டும் கம்பஸ் வைஃபையில் செய்யுங்கள், கொஞ்சம் பெரிசு. சிக்னல் இருக்கிற நேரம் ஒன்லைன் ஜிடிபி என்ற தளம் போதும், பிரவுசரிலேயே நிரலை வரிவரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். சின்னத் திரையில் அடைப்புக்குறி தேடிக் கண் நோகும், பழைய யூஎஸ்பி கீபோர்ட் ஒன்றும் ஓடிஜி வயர் ஒன்றும் கொளுவினால் அந்தக் கரைச்சலில் பாதி போய்விடும்.